தெளிந்துகொண்டே இருப்பவன்

கத்தோலிக்க வாலிபர்களில் மூன்று வகை உண்டு. கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் ஒரு வகை. சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்கோ, இல்லை துறவற சபைக்கோ போகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாலும் உங்களுக்கும் எனக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. பெட்டியைக் கட்டிக்கொண்டோ மாப்பிள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டோ அவரவர் பாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவது வகையை. இவர் கல்யாணமும் செய்துகொள்ள மாட்டார், குருமடத்துக்கும் போக மாட்டார், இரண்டும் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார். என்னப்பா பண்ணிக்கிட்டிருக்கே என்று கேட்டுப் பாருங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, ஒரு பெருமூச்சு விட்டு, "தேர்ந்து தெளிஞ்சுக்கிட்டிருக்கேன்" என்பார்.

என்ன பெரிய 'இவர்'? நான் சொல்லப்போகிறவனுக்கு அப்போது இருபது வயசு. இவன் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

தேர்ந்து தெளிதல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடவுள் நம்மை எந்த வாழ்க்கைக்கு அழைக்கிறார், குருவாகவா, துறவியாகவா, குடும்பஸ்தனாகவா என்று ஜெபித்து, யோசித்து, நாலு பெரியவர்களைக் கேட்டு அறிந்துகொள்வதற்கு எங்கள் கோவில் பாஷையில் அந்தப் பெயர். நல்ல காரியம். அதை நான் கிண்டல் செய்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் தெளிதல் என்று ஒன்று ஆரம்பித்தால் என்றாவது ஒரு நாள் தெளிந்து தொலைக்க வேண்டாமா? கலங்கிய தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் அது தானாகத் தெளிகிறது. அரைமணிக்கொரு தரம் கையை விட்டுக் கலக்கிப் பார்த்து "இன்னும் தெளியலையே" என்று வருத்தப்பட்டால் அது தண்ணீரின் குற்றமா?

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் கல்லூரி வளாகத்தில் இருக்கிற கோவிலின் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக எழுத்தர். சுற்றியுள்ள தெருக்களுக்கும் அதுதான் பங்குக் கோவில். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் என் கையெழுத்தில்தான் பதிவேட்டில் ஏறும். பூசைக்கு வருகிறவர்களைவிட என் ஜன்னலுக்கு வருகிறவர்களிடம்தான் மனுஷனின் நிஜ முகம் தெரியும் என்பது என் அனுபவம். மாணவர்கள் என்னை "ஆபீஸ் அக்கா" என்பார்கள். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் என்றும் சொல்வார்கள். அதில் பாதி பொய்.

இந்த வகையை அடையாளம் காண்பது சுலபம். காலைப் பூசையில் பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு, தூணுக்குப் பக்கத்து மூலை. முன்னால் உட்கார்ந்தால் ஆடம்பரம், கடைசியில் உட்கார்ந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஆகவே மூன்றாவது. எல்லாரும் எழுந்த பிறகும் இவன் ஒரு நிமிஷம் கூடுதலாக முழந்தாளிட்டிருப்பான். சட்டை எப்போதும் சாம்பல் நிறம். கறுப்புப் போட்டால் குருமடம் என்று முடிவு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள், சிவப்புப் போட்டால் கல்யாணம் என்று. வகுப்பில் இவனுக்கு "பாதிச் சாமியார்" என்று பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட உண்டு.

பெண்பாலில் இந்த வகை கிடையாதா என்று கேட்காதீர்கள், தாராளமாக உண்டு. ஆனால் பெண் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து தாண்டியதும் வீட்டிலிருப்பவர்கள் அவர்களுக்கும் சேர்த்துத் தெளிந்துவிடுகிறார்கள். ஆண் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை, பாவம்.

பரீட்சையில் இரண்டு தாள் போய்விட்டதா? "மனசு படிப்புல இல்லை, வேற ஒரு அழைப்பு கேட்டுக்கிட்டே இருக்கு." வீட்டில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னார்களா? "இன்னிக்கு உள்ளுக்குள்ள ஒரு பெரிய போராட்டம்மா." எந்த அம்மா போராட்டத்தின் நடுவில் போய்த் தொட்டியைக் கழுவு என்பாள்? இவன் அம்மாவே கழுவிவிடுவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து, நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்து, தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பாள். மகன் மாடியில் போராடிக்கொண்டிருப்பான்.

துறவற சபைகள் "வந்து பாருங்கள்" என்று மூன்று நாள் முகாம் நடத்துவது உண்டு. சேர நினைக்கிற பிள்ளைகள் போய்த் தங்கி அங்குள்ள வாழ்க்கையைப் பார்க்கலாம். மற்றவர்கள் ஒரு முகாமுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் இரண்டு. இவன் ஐந்துக்குப் போனான். மௌனம் காக்கிற சபைக்குப் போய்வந்து ஒரு வாரம் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் மௌனத்தைப் பற்றிப் பேசித் தள்ளினான். சிறைச்சாலையில் ஊழியம் செய்கிற சபையிலிருந்து திரும்பியதும் குரலைத் தணித்து, எங்களையெல்லாம் கைதிகளைப் பார்ப்பதுபோல் கனிவாகப் பார்த்தான். காய்கறி பயிரிட்டு ஜெபிக்கிற சபையிலிருந்து வந்தபோது உள்ளங்கையில் ஒரு கொப்புளம். அதை ஏதோ பதக்கம் மாதிரி மூன்று நாள் எல்லாருக்கும் காட்டினான். நாலாவது நாள் அது ஆறிவிட்டது, அந்த அழைப்பும் ஆறிவிட்டது.

ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. இந்த வகையில் நோட்டு இல்லாதவன் கிடையாது. ஒரு நாள் என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் படிக்கவில்லை. அது திறந்து கிடந்தது, மின்விசிறி புரட்டியது, நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நடுப்பக்கத்தில் தான் குருவாகி வைக்கப்போகிற முதல் திருப்பலிக்கான அழைப்பிதழ், நாலு விதமாக எழுதி மூன்றை அடித்திருந்தது. அடுத்த பக்கம் முழுக்கக் கையெழுத்துப் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'அருட்தந்தை'. சரி, பிள்ளை முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறதே என்று நெஞ்சு கொஞ்சம் உருகிற்று. மின்விசிறி இன்னொரு பக்கத்தைப் புரட்டியது. இரண்டு குழந்தைகளுக்குப் பெயர். ஆண் ஒன்று, பெண் ஒன்று, செல்லப் பெயர் தனியாக.

அப்புறம் அடையாளம் கேட்பான். யாரிடம்? கடவுளிடம்தான். கடவுள் இவனுக்குச் சம்பளம் வாங்காத எழுத்தர். "இன்னிக்குப் பூசையில முதல்ல இருமறது ஆம்பளையா இருந்தா குருத்துவம், பொம்பளையா இருந்தா கல்யாணம்" என்று ஒரு நாள் ஏற்பாடு. கோவிலில் அன்றைக்குப் பார்த்து ஒரு பயலும் இருமவில்லை. வாசகம் முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, இவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் ஒரு கைக்குழந்தை இருமியது. பூசை முடிந்ததும் அந்தத் தாயைத் துரத்திக்கொண்டு போய், "அக்கா, குழந்தை பையனா பொண்ணா?" என்று கேட்டிருக்கிறான். பையன் என்று அவள் சொன்னதும் முகம் வெளுத்துப்போய், "ஆனா குழந்தை இருமினா கணக்குல வருமா?" என்றானாம். அந்தப் பெண் என்னிடம் வந்து, "இந்தத் தம்பிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். கல்யாணத்துக்கும் சரி, குருமடத்துக்கும் சரி, ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். பழையது செல்லாது, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சான்றிதழின் அடியில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம். அதில் 'திருமணம்' என்றோ 'குருமடம்' என்றோ நான் எழுத வேண்டும். இவன் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது முதல் தடவை வந்தான்.

"அக்கா, அந்தக் கட்டத்தை மட்டும் சும்மா விட்டுடுங்க."

"ஏன்?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

ஆறு மாதம் கழித்து அது காலாவதியானது. மறுபடி வந்தான். மறுபடி வெறும் கட்டம். இப்படி ஐந்து சான்றிதழ். என் பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில், செத்துப்போனவர்களுக்குக்கூட நான் இத்தனை தடவை ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதியதில்லை.

இவன் அப்பா தச்சர். மாடியில் மகனுக்கென்று ஓர் அறை கட்டி அப்போதே நாலு வருஷமாகியிருந்தது. ஊருக்கெல்லாம் கதவு செய்கிற மனுஷன் அந்த அறைக்குக் கதவு வைக்கவில்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "அவன் கல்யாணம் பண்ணிக்கிட்டா உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கணும். சாமியாரா போயிட்டா வாடகைக்கு விடணும், வெளிப்பக்கம் பூட்டு வைக்கணும். எதுன்னு சொல்லித் தொலைச்சா நான் துளை போடுவேன்ல?" என்றார். அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் எதுவானாலும் சம்மதம் என்று இரண்டுக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். ஒன்றுக்கு மட்டும் ஏற்றினால் மற்றதற்கு மனவருத்தமாகிவிடும் பாருங்கள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இனிமேல் சிரிப்பு கொஞ்சம் குறையும். ஏனென்றால் நடுவில் ஒரு பெண் இருக்கிறாள்.

அவள் கணிதம் படித்தாள், அதனால் கணக்குக்காரி. ஒல்லியாக, வேகமாக நடப்பாள், பேச்சில் ஒரு வார்த்தை கூடுதலும் கிடையாது, குறைவும் கிடையாது. இந்தப் பாதிச் சாமியாரிடம் அவள் எதைக் கண்டாள் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டேன். அவள் அப்பா நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது மூன்று நாள் இவன்தான் வராந்தாவில் கிடந்தானாம். மருந்து வாங்கினான், ரத்தத்துக்கு ஆள் பிடித்தான், அவள் அம்மாவை மிரட்டிச் சாப்பிட வைத்தான். அந்த மூன்று நாளும் இவன் யாரிடமும் ஓர் அடையாளமும் கேட்கவில்லை. "அவன் யோசிக்காம இருக்கிறப்போ ரொம்ப நல்லவன் அக்கா" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று, இந்தப் பெண் முழுசாக விழுந்துவிட்டாள் என்று.

இரண்டு வருஷம் காத்திருந்தாள். இவன் என்ன சொல்லிக் காக்க வைத்தான் என்கிறீர்கள்? "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா கடவுள் என்ன நினைக்கிறார்னு தெரியலையே." யாராவது இதற்கு எதிர்வாதம் செய்ய முடியுமா? வேறொருத்தியைப் பார்க்கிறான் என்றால் சண்டை போடலாம். வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வீட்டுக்குப் போய் உட்காரலாம். கடவுள் குறுக்கே நிற்கிறார் என்றால் எந்தப் பெண் கடவுளின் சட்டையைப் பிடிப்பாள்?

படிப்பு முடிந்தது. கணக்குக்காரிக்கு வெகு தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. நாலு வருஷம். சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தால்தான் இடம் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் ஜன்னலுக்கு நேர் எதிரே இவனை நிறுத்திக் கேட்டாள். நான் வேண்டுமென்று கேட்கவில்லை. ஜன்னல் அங்கே இருந்தது.

"நீ குருமடத்துக்குப் போறேன்னு சொன்னா நான் சந்தோஷமா பஸ் ஏறுறேன். கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொன்னா இங்கேயே வேற இடத்துல படிச்சுக்கிறேன், எனக்கு அதுவும் கிடைச்சிருக்கு. ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி. சொல்லு."

"இப்படித் திடீர்னு கேட்டா எப்படி?"

"ரெண்டு வருஷம் உனக்குத் திடீரா?"

இவன் நெற்றியைத் தேய்த்தான். வானத்தைப் பார்த்தான். அப்புறம் முகம் மலர்ந்து, "நாளைக்கே ஒரு நவநாள் ஜெபம் ஆரம்பிக்கிறேன். முடியிறப்போ உனக்குக் கண்டிப்பா பதில் சொல்றேன்" என்றான்.

கணக்குக்காரி விரலைக்கூட மடக்கவில்லை. எனக்குத்தான் கணக்கு வராது, நான் மடக்கினேன். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. வெள்ளிக்கிழமை வரும்போது ஐந்து. நவநாள் ஒன்பது நாள். அட பாவி!

இவனுக்குப் புத்தி சொல்ல ஆளில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆன்மிக வழிகாட்டிகள் மூன்று பேர் உண்டு, ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை எங்கள் பங்குத்தந்தையிடம் வந்தான். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு தட்டிதான்.

"ஃபாதர், நவநாளை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சொன்னா ரெண்டு நாளா எடுத்துக்கலாமா?"

"எதுக்கு?"

சொன்னான். அப்புறம் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. "தம்பி, உன்னை நாலு வருஷமா பார்க்கிறேன். உனக்கு குருத்துவத்துக்கு அழைப்பு இல்லைடா. இருந்திருந்தா இந்நேரம் என்னை ராத்தூக்கம் தூங்க விட்டிருக்க மாட்டே. அந்தப் பொண்ணு பேரைச் சொல்லும்போது உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாரு. போ, போய் அவகிட்ட பேசு. ஜெபத்தை அப்புறம் முடிச்சுக்கலாம், அவர் கோவிச்சுக்க மாட்டார்."

இதைவிடத் தெளிவாக வானத்திலிருந்து குரல் வந்தால்கூடச் சொல்லாது. இவன் என்ன செய்தான்? வெளியே வந்து என்னிடம், "ஃபாதர் நல்லவர்தான், ஆனா அவ்வளவு ஆழம் போதாது" என்றான்.

மறுநாள் ஆழம் தேடிக் காய்கறி சபைக்குப் போனான். அங்கிருந்த தலைவர் இவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி புதுசா சேர்றவங்க வர்றாங்க. நீயும் வந்துடு. ரெண்டு போர்வை, ஒரு ரப்பர் செருப்பு போதும்" என்றாராம். ரப்பர் செருப்பு என்றதும் இவனுக்கு வியர்த்துவிட்டது. அழைப்பு இருக்கிறது என்று சொன்னால் சரி. தேதியும் செருப்பும் சொன்னால்? வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லி இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டான்.

இப்போது புரிகிறதா உங்களுக்கு? ஒரு கதவும் திறக்கவில்லையே என்று இவன் அழுகிறான் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம். திறந்தால்தான் இவனுக்குப் பயம். ஒரு கதவுக்குள் போனால் மற்றக் கதவு போச்சே! வராந்தாவில் நிற்கிற வரைக்கும் இவன் வருங்காலப் புனிதனும்தான், வருங்காலக் குடும்பத் தலைவனும்தான். உள்ளே போய்விட்டால் வெறும் மனுஷன், தொட்டியைக் கழுவ வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கணக்குக்காரி பெட்டியோடு என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தாள். தேநீர் கொடுத்தேன். ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தாள். ஐந்தே காலுக்கு இவன் வந்தான். சாம்பல் சட்டை, கையில் ஜெபமாலை, கண்ணில் கண்ணீர் வருவதற்குத் தயாராக நிற்கிறது.

"அஞ்சு நாள் முடிஞ்சுது. ஏதோ ஒண்ணு அசையற மாதிரி இருக்கு. இன்னும் நாலே நாள். உனக்காகத்தான் இதெல்லாம், புரிஞ்சுக்கோ."

"எனக்காகவா?"

"நமக்காக. கடவுளோட சித்தம் தெரியாம எப்படி…"

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. "நீ கடவுளுக்கும் சரின்னு சொல்லலை, எனக்கும் சரின்னு சொல்லலை. எங்க ரெண்டு பேரையும் ஒரே வாசல்ல நிக்க வச்சிருக்கே. அவர் நிப்பார், அவருக்கு நித்தியம் இருக்கு. எனக்கு ஆறு மணிக்கு பஸ்."

பெட்டியை எடுத்தாள். கனமான பெட்டி. இவன் அதைத் தூக்கிக்கொடுக்கக் கையை நீட்டினான், பாதியில் நிறுத்தினான், மறுபடி நீட்டினான். அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். நான் போய்க் கூடப் பிடித்தேன். தெருமுனை வரைக்கும் நடந்தோம். முனையில் திரும்பிப் பார்த்தாள். இவன் கோவில் படியில் நின்றிருந்தான், ஓடி வருகிற மாதிரி ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்து. "வருவான்னு நினைக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டாள். அந்தக் கணக்குக்காரிக்கு விடை தெரியும், தெரிந்தும் கேட்டாள். இவன் காதைப் பிடித்துத் திருகி இழுத்துவந்து அவள் காலடியில் போட்டிருக்க வேண்டும் நான். செய்யவில்லை. பஸ் வந்தது, ஏறினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் நாள். காலைப் பூசை முடிந்த கையோடு ஓடி வந்தான். அப்படி ஒரு முகத்தை நான் இவனிடம் பார்த்ததேயில்லை. "அக்கா! தெளிஞ்சிடுச்சு!"

"என்ன தெளிஞ்சுது?"

"அவதான் அக்கா. எப்பவும் அவதான். நவநாள் முடிச்சுக் கண்ணைத் திறந்ததும் பளிச்சுனு தெரிஞ்சுது."

ஒரு நிமிஷம் எனக்கும் மனசு துள்ளியது, பொய் சொல்ல மாட்டேன். "இங்கேயே பேசு, இப்பவே பேசு" என்று கத்தினேன். அவசரமாகப் போனை எடுத்தான். அழுத்தக்கூடாத பொத்தானை அழுத்தியிருப்பான் போலிருக்கிறது, அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கல்யாணம் பண்ணிக்கலாம். எனக்குத் தெளிவாயிடுச்சு" என்றான்.

அந்தப் பக்கம் யாரோ நடந்து போகிற சத்தம், ஒரு கதவு மூடுகிற சத்தம்.

"இல்லை" என்றாள். "பாத்தியா, எவ்வளவு சின்ன வார்த்தை. இதைத்தான் ரெண்டு வருஷமா கேட்டேன். இதைச் சொல்லியிருந்தாக்கூட உன் மேல மரியாதை இருந்திருக்கும்."

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அழுதாள் என்று நினைக்கிறேன். ஆனால் வார்த்தை உடையவில்லை.

இவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நிஜமாகவே அழுதான், பூசையில் வருகிற அழுகை இல்லை, மூக்கெல்லாம் ஒழுகுகிற அழுகை. எனக்குப் பாவமாகிவிட்டது. என்ன இருந்தாலும் சின்னப் பிள்ளைதானே, நெஞ்சில் அடி பட்டுவிட்டது, இனிமேலாவது மனுஷனாவான் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தான். முகத்தைத் துடைத்தான். தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தான்.

"அக்கா, அவ இல்லைன்னு சொன்னதே ஒரு அடையாளமா இருக்குமோ?"

தம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. அவள் இப்போது அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியை. கல்யாணம் ஆயிற்று, மூன்று வயதில் ஒரு பெண், பயங்கர வாய். நம் ஆள்? குருமடத்துக்குப் போகவில்லை, கல்யாணமும் ஆகவில்லை, மூன்றாவது பட்டம் படிக்கிறான். ஆனால் இப்போது மேடை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் முதலாண்டு மாணவர்களுக்குத் தேர்ந்து தெளிதல் பற்றி வகுப்பு எடுக்கிறவன் இவன்தான். அனுபவஸ்தன் இல்லையா! "அவசரப்படாதீங்க தம்பிகளா" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான். போன வருஷம் வகுப்பிலிருந்து மூன்று பேர் புத்தம்புது நோட்டோடு வெளியே வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று பேருக்கும் சாம்பல் சட்டை.

படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். மைத்துனன் முகமோ, பக்கத்து மேஜைக்காரர் முகமோ. "அப்படியே அவன்தான்!" என்று தொடையில் தட்டியிருப்பீர்கள். நாங்கள் பூசைக்குப் போகிற ஜனம் இல்லையே, எங்களுக்கு நவநாளும் தெரியாது பத்தாம் நாளும் தெரியாது என்று சௌகரியமாகச் சாய்ந்துகொண்டிருப்பீர்கள். இருக்கட்டும். கடவுளைத்தான் சாக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டமா? நேரம் சரியில்லை என்பார்கள், நிலைமை கொஞ்சம் சீராகட்டும் என்பார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். நானே இந்த வேலைக்கு மூன்று மாதத்துக்கு என்று வந்தவள்தான், அந்தக் கதையைக் கிளறாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படிக்க உட்காருவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஏதோ ஒன்று கேட்டார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை போதும் அதற்கு. "இரு, இதை ஒண்ணு படிச்சுட்டு வந்துடறேன்" என்றீர்கள்.

படித்தாயிற்று. எழுந்திருங்கள்.